குனிஞ்சு பாருடா பேராண்டி

ஏண்டா பேராண்டி, வர்ற ஞாயித்துக்கிழமை சப்பான்ல ஒசாஃபுனேங்கிற ஊரு மியூசியத்துக்கு வாள் பாக்கப் போறேன்னு சேதி அனுப்பியிருக்க. உன் தங்கச்சி சத்தமாப் படிச்சுக் காட்டுனா. உங்க அப்பாயிக்குத்தான் வயித்தக் கலக்கிருச்சு. "வாளா? கெடாக்கறிக்குக் கத்தியத் தீட்டுனாலே கொல்லப்பக்கம் போயி ஒளிஞ்சுக்குற பய, வாளப் பாத்து என்னா பண்ணப் போறான்?"னு கேக்குறா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்குற வாளு, கடிக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ தாராளமாப் போ. போறதுக்கு முன்னாடி இந்தக் கெழவன் சொல்றதக் கொஞ்சம் காதுல போட்டுக்க. டிக்கெட்டுக் காசு உன்னுது, புத்தி என்னுது. ரெண்டுல எது வீணாப் போனாலும் எனக்கு நட்டம் ஒண்ணும் இல்ல.

மொதப் புத்தி, அங்க போயி வாயத் தொறக்காத. உன்னப் பத்தி எனக்குத் தெரியும். உள்ள நொழஞ்ச ஒடனே அங்க நிக்கிற பொம்பளப்புள்ளகிட்ட, "எங்க ஊருலேர்ந்து வந்த போதிதருமருதான் ஒங்களுக்கு எல்லாத்தையும் கத்துக் குடுத்தாரு, இந்த வாளுகூட எங்க இரும்புதான்"னு ஆரம்பிப்ப. அது மரியாதைக்குக் குனிஞ்சு கும்புடும். அங்க எல்லாத்துக்கும் கும்புடுவாங்க. ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சு நீ ஸ்டேட்டஸ் போடுவ. அதப் பாத்துட்டு நம்ம டீக்கடை பெஞ்சுல நாலு பேரு கை தட்டுவான். எதுக்குடா இந்தப் பொழப்பு?

நம்ம உருக்கு வேற, அவங்க உருக்கு வேற. ரெண்டுக்கும் பங்காளி ஒறவே கெடையாது. நம்ம சேலத்துப் பக்கத்து ஆளு என்னா பண்ணியிருக்கான் தெரியுமா? இரும்பத் துண்டு துண்டா நறுக்கி மண் மூசையில போட்டான். இரும்பு எடையில பத்துல ஒரு பங்குக்குக் காஞ்ச ஆவாரங்குச்சிய நறுக்கிப் போட்டான். மேல எருக்க எலைய வச்சு மூடி, களிமண்ணப் பூசி அடைச்சான். இருவது இருவத்திநாலு மூசைய ஒரே உலையில அடுக்கி, ரெண்டரை மணி நேரம் விடாம துருத்தி ஊதுனான். உள்ள இருந்த இரும்பு ஆவாரங்கரியக் குடிச்சு உருக்கா மாறிப்போச்சு. இத எழுதி வச்சவரு ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரரு. 1830 வாக்குல பறங்கிப்பேட்டையில இரும்பாலை போட்டவரு. ஆவாரையும் எருக்கும் நம்ம வரப்புல ஆடுகூட சீந்தாமக் கெடக்குறதுதான்.

இந்த உருக்க இங்கிலீசுக்காரன் லண்டனுக்குக் கொண்டுபோயி ஆராய்ச்சி பண்ணுனான். மின்சாரத்துக்குப் பேர் போன மைக்கேல் ஃபாரடேயே 1819ல இதப் பத்தி எழுதியிருக்காரு. அலுமினாவுலதான் சூட்சுமம் இருக்குன்னு அவரு நெனச்சாரு. சூட்சுமம் ஆவாரங்குச்சிக் கரியில இருந்துச்சு. அம்மாம் பெரிய மனுசனுக்கே பிடிபடல, உனக்கு வாட்ஸ்அப்புல பிடிபட்டுருச்சாக்கும்.

சப்பான்காரன் வழி வேற. அவன் எடுத்தது இரும்பு மணலு. மண்ணுல தொட்டி கட்டி, மணலையும் கரியையும் மாத்தி மாத்திக் கொட்டி, மூணு நாளு மூணு ராத்திரி கண்ண மூடாம எரிப்பான். பத்து டன்னுக்குப் பக்கமா மணலு கொட்டுனா, ரெண்டரை டன்னு கட்டி கெடைக்கும். அதுலயும் வாளுக்கு ஆவுற உசந்த உருக்கு பாதிகூடத் தேறாது. நம்ம மூசையில உருகுற கணக்கா அங்க உருகி ஓடாது, கட்டியாவே நிக்கும். கட்டி வேணும்னா அந்த மண் தொட்டிய உடைச்சாகணும். ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் கட்டணும். ஷிமானேங்கிற மாவட்டத்துல அந்த உலைய 1977ல மறுபடியும் பத்த வச்சு, இன்னைக்கும் குளிர்காலத்துல எரிக்கிறாங்க. நாட்டுல இருக்குற வாள் கொல்லருக்கெல்லாம் அங்கேர்ந்துதான் உருக்குப் போவுது.

அந்தக் கட்டியிலேர்ந்து நல்ல துண்டாப் பொறுக்கி, காய்ச்சி, அடிச்சு, மடிச்சு, திரும்ப அடிப்பான். ஒரு தடவ மடிச்சா ரெண்டு படை, பத்து தடவ மடிச்சா ஆயிரத்துக்கு மேல. மடிக்கிறதும் பிரிக்கிறதும் நமக்கு மட்டும் தெரியாதாக்கும்? 1995ல திருச்சி மாவட்டத்துலேர்ந்து பெரம்பலூர வெட்டுனாங்க. 2001ல அதுலேர்ந்து அரியலூரப் பிரிச்சாங்க. 2002ல ரெண்டையும் மறுபடி மடிச்சாங்க. 2007ல திரும்பவும் பிரிச்சாங்க. என்னா ஒண்ணு, மடிக்க மடிக்க அவன் இரும்பு உறுதியாவும், நமக்கு மடிக்க மடிக்க ரேசன் கார்டுல விலாசந்தான் மாறும்.

ரெண்டாம் புத்தி, போற ஊரு என்னா ஊருன்னு தெரிஞ்சுகிட்டுப் போ. ஒசாஃபுனே ஒண்ணும் டோக்கியோ இல்ல. ஒகயாமா மாவட்டத்துல செதோவுச்சி நகராட்சிக்குள்ள கெடக்குற சின்ன ஊரு. பக்கத்துல யோஷீ ஆறு ஓடுது. அந்தச் சீமைக்கு அந்தக் காலத்துப் பேரு பிஸென். மலையில இரும்பு மணலு, காட்டுல கரி, ஆத்துல படகு. மூணும் ஒரே எடத்துல சேந்ததால எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முன்னாடியே அங்க உலைக்குப் பக்கத்துல உலை. சப்பான் தேசியப் பொக்கிசம்னு அறிவிச்சு வச்சிருக்குற வாளுங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா அந்தப் பிஸென் வாளுதான். பதினாறாம் நூற்றாண்டு கடைசியில ஆத்துல பெருவெள்ளம் வந்து பட்டறைங்கள வாரிக்கிட்டுப் போயிருச்சு. நம்ம மருதையாத்துல வெள்ளம் வந்தா நிவாரண டோக்கனுக்கு வரிசையில நிப்போம். அங்க வரிசையில நிக்கக்கூட ஆளு மிஞ்சல.

அப்படிப் போன ஊருலதான் இப்ப மியூசியம் வச்சு, அதே வளாகத்துல கொல்லரு, சாணை புடிக்கிறவரு, உறை செய்யிறவருன்னு ஆளுங்கள உக்கார வச்சு வேலையும் நடத்துறாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை இரும்பு அடிக்கிறத சனங்களுக்குக் காட்டுவாங்க. நீ போற ஞாயிறு அதானான்னு பாத்துக்க. இல்லாட்டி உலை சாம்பலப் பாத்துட்டு வரவேண்டியதுதான்.

மூணாவது புத்திதான் முக்கியம். கண்ணாடிக்கு நேரா நெஞ்ச நிமித்திகிட்டு நிக்காத. நிமுந்து நின்னா உனக்கு உன் மூஞ்சிதான் தெரியும். அதையுந்தான் நீ காலங்காத்தால ஃபோனுல பாத்துக்குறியே, அதுக்கு எதுக்கு ரயிலேறணும்? முட்டிய மடக்கு. குனி. தலைய இப்படியும் அப்படியும் நவுத்து. மேல இருக்குற வெளக்கு வெளிச்சம் வாளு மேல சாஞ்சு வழுக்குற எடம் ஒண்ணு வரும். அங்க நில்லு. வாய்ப்பக்கமா, நீளவாக்குல, வெள்ளையா ஒரு வரி ஓடுறது தெரியும். ஒரு வாளுல நேரா ஓடும், ஒண்ணுல அலை அலையா ஓடும், ஒண்ணுல கிராம்புப் பூவ அடுக்குன கணக்கா கொசகொசன்னு இருக்கும். பிஸென் ஆளுங்களுக்கு அந்தக் கிராம்புல கை தேர்ச்சி.

அது வரைஞ்சது இல்லடா. வாள அடிச்சு முடிச்ச பின்னாடி கொல்லரு அதுமேல களிமண்ணு பூசுவாரு. முதுகுப் பக்கம் தடிமனா, வாய்ப் பக்கம் மெல்லிசா. பட்டறைய இருட்டாக்கிட்டு, இரும்பு செவக்குற நெறத்த வச்சுப் பதம் பாத்து, தண்ணித் தொட்டிக்குள்ள விட்டுருவாரு. மெல்லிசா பூசுன எடம் சட்டுன்னு குளுந்து கல்லா இறுவும். தடிமனா பூசுன எடம் மெதுவாக் குளுந்து வளைஞ்சு குடுக்கும். அந்த ரெண்டும் சந்திக்கிற எல்லைதான் அந்த வெள்ளை வரி. வாளுக்கு அந்த வளைவு முழுசா அமையிறதும் அந்தத் தண்ணிக்குள்ளதான். கொஞ்சம் பதம் தப்புனா அங்கயே விரிசல் விட்டுரும், மாசக்கணக்கு வேலை போச்சு.

இதுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. கொழு அடிக்க, அருவா தோய்க்கன்னு கொல்லம் பட்டறைக்குப் போனா, நம்ம முறை வர்ற வரைக்கும் நாமளேதான் துருத்தி இழுக்கணும். அருவாயத் தோய்ச்சல் போடும்போது ஆசாரி வாய மட்டும் தண்ணியில காட்டுவாரு, முதுகக் காட்டமாட்டாரு. "ஏன் ஆசாரியாரே?"ன்னு கேட்டா, "முதுகும் வெறைச்சுப் போச்சுன்னா மொத வெட்டுலயே ரெண்டாப் போயிரும்யா"ம்பாரு. நீ அப்ப செல்லுல பாம்பு வெளையாட்டு வெளையாடிக்கிட்டு இருந்த.

நாலாவது, வாளோட வாலப் பாரு. பிடிக்குள்ள நொழையுற பாகம் இருக்கே, அது துருப்புடிச்சுக் கறுப்பாக் கெடக்கும். பாத்த ஒடனே "என்னாடா இது, இம்மாம் பெரிய மியூசியத்துல தொடைக்க ஆளில்லையா?"ன்னு எளக்காரமா நெனைக்காத. அந்தத் துருவத் தொடைக்கவே மாட்டாங்க. எந்தக் காலத்துத் துரு, எம்மாம் அழுத்தமா எறங்கியிருக்குன்னு பாத்துத்தான் வாளுக்கு வயசு சொல்றாங்க. அதே எடத்துலதான் கொல்லரு தன் பேரையும் ஊரையும் வெட்டியிருப்பாரு. வாள வச்சிருந்த பிரபுவுக்கு அது கண்ணுல படாது, பிடி மறைச்சிருக்கும். மூங்கில் ஆணியக் கழட்டி, பிடிய உருவுனாத்தான் பேரு தெரியும். நம்ம ஊருல ஒரு டியூப்லைட்டு உபயம் பண்ணுனா வெளிச்சமே வெளிய வராத அளவுக்குப் பேர எழுதி வைக்கிறோம்.

நல்ல வேளை, உங்க அப்பாயி சப்பான்ல பொறக்கல. பொறந்திருந்தா அம்புட்டு வாலுக்கும் புளியப் போட்டு, பீதாம்பரியப் போட்டு, பளபளன்னு வெளக்கிக் கவுத்திருப்பா.

பேர் வெட்டுன வாளுக்குத்தான் மதிப்புன்னு ஒடனே முடிவு கட்டிறாத. அந்த மியூசியத்துக்கே மகுடம் ஒண்ணு இருக்கு. பேரு சான்சோமோ. பதிமூணாம் நூற்றாண்டுல அடிச்ச வாளு. உவேசுகி கென்ஷின்னு ஒரு பெரிய தளபதி வச்சிருந்தது. தேசியப் பொக்கிசம். அத விலைக்கு வாங்க அந்த நகராட்சி ஊரு உலகமெல்லாம் கையேந்தி, 50 கோடி யென் குடுத்து 2020ல கொண்டாந்து சேத்துச்சு. நம்ம காசுக்கு அப்ப முப்பது கோடிக்கு மேல. அந்த நகராட்சியில மொத்த சனம் நாப்பதாயிரங்கூட இல்லடா. வேடிக்கை என்னன்னா, அந்த வாளோட வாலுல பேரே இல்ல.

பேரே இல்லாத வாள எந்தக் கொல்லர் கூட்டம் அடிச்சதுன்னு எப்படிச் சொன்னாங்க? அந்த வெள்ளை வரி ஓடுற ஓட்டத்த வச்சு, இரும்போட நயத்த வச்சு, வளைவ வச்சு, "இது இச்சிமோன்சிக் கூட்டத்துக் கை"ன்னு சொன்னாங்க. ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, தலைமொறை தலைமொறையா வாளப் பாக்குறதையே ஒரு படிப்பா வச்சிருந்தாங்க. அடிச்சவன் பேரு காணாமப் போனாலும், பாத்தவன் கண்ணு அதக் காப்பாத்திருச்சு. அதான் உன்னக் குனியச் சொல்றேன்.

நம்ம பக்கக் கதைய நெனச்சுப் பாரு. கங்கை வரைக்கும் படை போன ராசேந்திர சோழனுக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துல கோயிலு நிக்கிது, மாளிகைமேட்டுல அரண்மனை அடித்தளம் கெடக்குது. அந்தப் படைவீட்டு வாளு இதுதான்னு கைகாட்ட ஒரு வாளு உண்டா? சரி, அது ஆயிரம் வருசத்துக் கதை. தஞ்சாவூரு அரண்மனையில மராட்டிய ராசாங்க காலத்து ஆயுதசாலை ஒண்ணு இருந்துச்சு. 1863 வாக்குல வெள்ளைக்கார சர்க்காரு அதக் கலைச்சான். கொஞ்சத்தப் பொறுக்கி மெட்ராசு மியூசியத்துக்கு அனுப்பிட்டு, மிச்சத்த உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டான். பேரீச்சம்பழமாவது வாங்குனானான்னு தெரியல. எழும்பூரு மியூசியத்துக்குப் போனா அப்படிப் பொறுக்குனத இன்னைக்கும் பாக்கலாம். நீ மெட்ராசுல இருந்த காலமெல்லாம் எழும்பூருன்னா ரயில் ஏறுற எடம்னுதான் நெனச்சுகிட்டு இருந்த.

"வெள்ளைக்காரன்தான் தாத்தா காரணம்"னு நீ சுளுவாத் தப்பிச்சுக்குவ. அவனும் காரணந்தான். 1801ல பாளையக்காரங்க சண்டை முடிஞ்ச கையோட, சனங்க ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பறையடிச்சுட்டான். அரியலூரும் உடையார்பாளையமும் ஒரு காலத்துப் பாளையங்கதான். ஆனா சப்பான்லயும் இதே கூத்து நடந்திருக்கே! 1588ல நாட்ட ஆண்ட ஹிதேயோஷி குடியானவங்ககிட்ட இருந்த வாளையெல்லாம் புடுங்குனாரு. கேட்டதுக்கு, புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்கப் போறோம், புண்ணியம் ஒங்களுக்குத்தான்னாரு. 1876ல சாமுராயே இடுப்புல வாளு செருவக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. 1945ல உலகப் போருல தோத்த பின்னாடி அமெரிக்காக்காரன் வந்து குமிச்சு அள்ளுனான். அம்புட்டுக்கும் அப்பறம், இது ஆயுதம் இல்ல, கலைன்னு வாதாடி, 1948ல சங்கம் வச்சு மிச்சத்தக் காப்பாத்துனாங்க. இன்னைக்கு ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு. உரிமம் வாங்குன கொல்லருகிட்ட அஞ்சு வருசம் கைவேலை பழகாம உரிமம் கெடையாது. பழகுனாலும் மாசத்துக்கு ரெண்டு நீள வாளுக்கு மேல அடிக்கக் கூடாது.

நம்ம பக்கம் அருவாளுக்குப் பேர் போன ஊருன்னா சிவகங்கைச் சீமைத் திருப்பாச்சேத்தி. அங்க யாரு அடிச்சா, எப்படித் தோய்ச்சல் போட்டான்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. அந்த ஊரு பேருல வந்த விசய் படம் எந்த வருசம் வந்துச்சுன்னு கேளு, சரியாச் சொல்லுவ.

கண்ணுதான் சங்கதின்னு சொன்னேன்ல? அதுக்குச் சப்பான் வரைக்கும் போவ வேண்டியதில்ல, நம்ம குன்னத்துக்கே வா. 2020ல மண்ணு எடுக்குறப்ப உருண்டை உருண்டையாக் கல்லு கெடைச்சுச்சு. டைனோசரு முட்டைன்னு ஒருத்தன் கெளப்பி விட்டான், ஊரே திரண்டு போச்சு. நீயும் ஃபார்வேர்டு பண்ணுன, நான் மறக்கல. புவியியல் படிச்சவங்க வந்து பாத்தாங்க. முட்டையும் இல்ல கோழியும் இல்ல, இங்க கடலு இருந்த காலத்து அம்மோனைட்டுச் சமாச்சாரம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2009ல செந்துறைப் பக்கம் நெசமாவே டைனோசரு முட்டை கொத்துக் கொத்தாக் கெடந்தத, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்க வந்து கண்டாங்க. அந்த மண்ணுல எத்தன காலமா ஆடு மேச்சோம், மாடு மேச்சோம்! முட்டை இல்லாத எடத்துல கூட்டம் போட்டோம். முட்டை இருந்த எடத்துல கூட்டமே இல்ல. சாத்தனூருல பதினெட்டு மீட்டரு நீளத்துக்கு மரம் ஒண்ணு கல்லாப் போயிக் கெடக்குது. அதையும் 1940ல கிருஷ்ணன்னு ஒரு புவியியல்காரரு வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. பாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வர்ற வரைக்கும் பொக்கிசமும் வெறுங்கல்லுதான்.

கடைசியா, வர்றப்ப எனக்குன்னு வாளு கீளு வாங்கியாந்துராத. நெச வாளுன்னா அவங்க சர்க்காரு அனுமதி வேணும், நம்ம சர்க்காரு சட்டத்துல ஒம்பது அங்குலத்துக்கு மேல அலகு இருந்தா கேள்வி கேப்பான். கடையில விக்கிற பொம்மை வாளுன்னா உங்க அப்பாயி பரங்கிக்கா நறுக்கப் பாப்பா, நறுக்காது, உன்னத்தான் திட்டுவா. புல்லறுக்குற சப்பான் கதிரருவா ஒண்ணு வாங்கு. அலகு மெல்லிசு, வாயில நல்ல உருக்க ஒட்ட வச்சு அடிச்சிருப்பாங்கன்னு கேள்வி. வாள் சட்டத்துக்குப் பயந்து கொல்லருங்க கத்தி, அருவான்னு எறங்குன வகையில வந்த கை அது. பெரிய பொட்டியில போடு. கைப்பையில வச்சீன்னா விமான நிலையத்துலயே மியூசியம் தொறந்துருவாங்க.

வந்த மறுநாளு உனக்குப் பரீச்சை வச்சிருக்கேன். நம்ம பக்கத்துப் பட்டறை ரெண்டுலயும் சிமெண்டு லாரியோட ஒடஞ்ச ஸ்பிரிங்குப் பட்டையிலதான் அருவா அடிக்கிறாங்க. ரெண்டு பட்டறை அருவாயையும் கலந்து உன் முன்னாடி போடுவேன். ஒண்ணுலயும் பேரு இருக்காது. எது யாரு கைன்னு நீ பாத்துச் சொல்லணும். சொல்லிட்டீன்னா, எம் பேரன் மியூசியம் பாத்தவன்னு டீக்கடையில நானே எந்திரிச்சு நின்னு சொல்றேன். சொல்லத் தெரியல, அந்தப் பட்டறையில போயி ஒரு மாசம் துருத்தி இழு. அதுக்கு டிக்கெட்டு இல்ல, கூலி குடுப்பாங்க.